தார்ப்பாய்க்குள் எட்டுப் பேர்

கவுஞ்சியில் ஏறும்போது மணி இரண்டு.
மூட்டைகளின் மேல் நாங்கள்,
எங்கள் மேல் தார்ப்பாய்,
அதன் மேல் பனி.
முகமென்று எதுவும் இல்லை,
இருட்டுக்குள் குரலும் பூண்டு நெடியும்தான்.

எனக்கு ஒரு மூட்டை.
போன போகத்தில் விதைக்குப் போக மிஞ்சியது,
ஆறு மாதம் அடுப்புப் புகை குடித்தது.
குத்தகைக் காட்டில் இன்னும் நாற்பது சென்ட் நிற்கிறது.
யாரையென்று இல்லாமல் கேட்டேன்:
நுனி மஞ்சளாயிருச்சு, கழுத்து இன்னும் மடங்கல,
மேற்க மூட்டம் போடுது.
எடுக்கவா, விடவா?

பூம்பாறை வளைவில் ஒரு குரல் சாய்ந்து வந்தது.
"ஒண்ணைப் பிடுங்கி உள்ளங்கையில தேய்.
தோல் மூணு தாளா நின்னா எடு.
ஒத்தைத் தாளா உரிஞ்சா
அதுக்கு உன்மேல இன்னும் கோவம் தீரல."

"தேய்க்கிறதெல்லாம் கதை. நாளை எண்ணு, நூத்திப்பத்து."

"மேல்மலைக் குளிருக்குப் பாதி நாள் தூங்குதே,
அதையுமா எண்ணுவே?"

"தண்ணி நிறுத்தி எத்தனை நாளாச்சு?"
பதினொன்று என்றேன்.

"நாலு நாள் பொறு,"
புகையிலை அடக்கிய கன்னம் ஒன்று ஓரத்திலிருந்து.
"பொறு. அவசரப்படாதே."

பெருமாள்மலை தாண்டியதும்
பேச்சு வேறு காட்டுக்குப் போய்விட்டது.
உருளை எடுத்த மண்ணில் மறுபடி உருளை வைக்காதே,
ஒரு போகம் கோதுமை தெளி,
நூற்புழு பட்டினி கிடக்கட்டும்.
கோதுமையா?
கதிர் பால் பிடிக்கிற அன்னைக்கு
காட்டுமாட்டுக்கு யார் தந்தி அடிக்கிறதோ தெரியல.
பட்டாணிக்குச் சீகைக் குச்சி போதும்,
பச்சைக் குச்சி நடாதே, அதுவே தளிர்த்துக்கும்.
பன்றிக்குப் பழைய சேலை கட்டு என்றாள் ஒருத்தி.
கட்டினேன் என்றாள் இன்னொருத்தி,
இப்போ என் கல்யாணச் சேலை
பன்றிக்கு நல்லா அடையாளம் தெரியும்.

டம்டம் பாறைக்குக் கீழே காது அடைத்தது.
கம்பளிகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன.
காமக்காபட்டியில் ஜெயசீலன் வண்டியை நிறுத்த
டீக்கடை விளக்கில் எல்லோரும் முகமானார்கள்.
அதட்டிய குரலுக்கு மீசைகூட முளைக்கவில்லை.
கதை என்று சொன்னவள்
தன் மூட்டைத் தையலைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வடுகபட்டி மண்டி.
என் மூட்டையில் கமிஷன்காரர் கையை விட்டார்,
சலசலத்தது, ஒன்றும் சொல்லாமல் எழுதினார்.
அடுத்த ஆறு மூட்டை ஓரத்துக் கன்னத்துடையது.
சலசலக்கவில்லை.
"பச்சைக் கழுத்து" என்று தனியே தள்ளி
கிலோவுக்கு நாற்பது குறைத்தார்.
சீட்டில் பெயர் பார்த்தேன்: சடையாண்டி.

எப்ப எடுத்தீங்க?
"செவ்வாக்கிழமை. மூட்டத்தைப் பார்த்துப் பயந்து."
மழை வந்துச்சா?
"தூறல்கூட இல்ல."

புகையிலையைத் துப்பிவிட்டு வந்தார்.
"நாலு நாள்னு சொன்னேனே தாயி,
அது உன் காட்டைப் பார்த்துச் சொன்னதில்ல.
உன் காடு எங்க இருக்குன்னே நான் கேக்கல."

ஓடைக்கு மேற்கே சரிவு, கீழ்ப்பாத்தி மட்டும் ஈரம் காக்கும் என்றேன்.
வண்டி மேலேறும்வரை யோசித்தார்.
காலிச் சாக்குகள் காற்றில் அடித்துக்கொண்டன.
பூம்பாறை வந்தபோது தூங்கியிருந்தார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே காட்டுக்குப் போனேன்.
ஒன்றைப் பிடுங்கித் தேய்த்தேன்.
இரண்டு தாள். மூன்றாவது
ஒட்டியும் ஒட்டாமலும்.
ஓடையோரம் மூன்று பாத்தி எடுத்து
தாளால் பூண்டை மூடிப் போட்டேன்.
மற்றதை விட்டுவிட்டேன்.

ராத்திரி ஓட்டின்மேல் முதலில் ஐந்தாறு சொட்டு,
பிறகு எண்ண முடியவில்லை.
சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன்
எடுத்த மூன்று பாத்தியை அள்ள.
நிற்கிற பூண்டுக்குத் தண்ணி நிறுத்தி
நாளையிலிருந்து ஒன்று.