தீர்வை ரசீதில் புஞ்சை

சுருளோட்டில் ஏழு சென்ட்.
தீர்வை ரசீதில் இன்றைக்கும் புஞ்சை.
போய்ப் பார்த்தால் பாறை.

கொழுந்தன் மரியசெல்வம்
மண்ணை விற்றுவிட்டு
நிலத்தை எனக்குத் தந்தான்.
எழுபது லோடு. இரண்டு பகல், நடுவில் ஒரு ராத்திரி.
நாலுவழிச் சாலைக்கு அடியில்
எங்கேயோ கிடக்கிறது என் புஞ்சை,
மேலே லாரி போகிறது.

பேங்கிலிருந்து வந்த பையன்
குதிகாலால் இரண்டு தட்டு தட்டி
"இதுல என்னத்த வைக்க, எக்கா?" என்றான்.
எனக்கும் தெரியவில்லை.

நான் பால்வெட்டுக்காரி.
விடியுமுன் நெற்றிவிளக்கோடு முந்நூறு மரம்.
தட்டத்தில் பாலூற்றி ஆசிட் விட்டு
உறையக் காத்திருக்கும் நேரத்தில்
இங்கே வந்து சோறு தின்பேன்.
வேறு நிழல் இல்லாததால்
பாறையைத்தான் பார்த்தேன்.

வடக்கோரம் சாம்பல் நிறத்தில் ஒரு தேமல்.
முதல் எடவப்பாதியில் சுண்டைக்காய் அளவு,
மூன்றாவதில் ஐந்து ரூபாய்த் துட்டு.
நகத்தால் கிள்ளினால்
அடியில் கல் மாவாக உதிர்ந்தது.
வேளாண்மை ஆபீசில் கேட்டேன்.
"பாறையில ஒட்டி வளரும்மா, ஆசிட் விடும்" என்றார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அப்போ அதுவும் என் வேலைக்காரிதான்.
நான் இளகியதை உறைய வைக்கிறேன்,
அது உறைந்ததை இளக்குகிறது.
ஞாயிற்றுக்கிழமையும் லீவு போடாமல்.

லாரி நின்ற இடத்தில், எல்லைக்கல் ஓரம்,
பக்கத்து விளையின் வெட்டுமுகம் சுவர்போல நிற்கிறது.
மேலே ஒரு சாண் கறுப்பு, வேரும் சருகுமாய்.
பிறகு ஆளுயரத்துக்குச் சிவப்பு.
அதன் கீழே மஞ்சளும் வெள்ளையும் கலந்த களி.
அதற்கும் கீழே உளுத்த பாறை:
பார்த்தால் கல், வரி வரியாய்க் கல்லின் முகமே,
பிடித்தால் புட்டு.
கடைசியில்தான் நான் உட்கார்ந்திருக்கும் இது.

பாறைக்குள் இரும்பு இருந்ததாம்,
துருவேறித்தான் அந்தச் சிவப்பு.
அரிவாள் துருப்பிடித்தால் ஆக்கர் கடைக்குப் போகும்.
மலை துருப்பிடித்தால் மரச்சீனி விளையும்.
அழுகத் தெரியாத வெள்ளைப் பொடி மட்டும்
பழையாற்றில் இறங்கி
மணக்குடிக் கடல்வரை மணலாகவே போகும்.

ஒரு மத்தியானம், வெயில் காய்ச்சிய பாறைமேல்
மழை சடாரென்று இறங்கியது.
ஓர் ஓரம் வெங்காயத் தோல்போல எழும்பி நின்றது.
அன்றைக்கே எழும்பியதா,
ஆயிரம் வருஷமாய் எழும்பிக்கொண்டிருந்ததா,
நான் பார்த்தது அன்றைக்கு.
அடியில் ஒரு விரிசல். விரிசலில் ஈரம்.

தையில் ரப்பர் இலை உதிர்ந்தது.
காற்று மதில் தாண்டிக் கொண்டுவந்து
விரிசலில் திணித்தது.
மரவட்டை ஒன்று இலையைத் தின்று
கடுகு கடுகாய்ப் போட்டது.
கடுகில் கல்மாவு ஒட்டியது.
ஒட்டியதில் பாசி பிடித்தது, செத்தது,
செத்ததன்மேல் பாசி பிடித்தது.
மண்புழு வரவில்லை.
வர என்ன இருக்கிறது இன்னும்.

மூன்று வருஷம் கழித்து
டீ கலக்கும் கரண்டியால் சுரண்டிப் பார்த்தேன்.
ஒரு கரண்டி, தலை தட்டி.
உள்ளங்கையில் பரப்பினேன்.
ஆசிட் நாற்றம் ஊறிய கை;
அதிலும் மழை வாசனை அடித்தது.
எடுத்த இடத்திலேயே திரும்பக் கொட்டினேன்,
விரல் இடுக்கில் ஒட்டியதையும்
எச்சில் தொட்டு வழித்து.

நேற்று டிப்பர் ஓட்டும் சுதர்லன் வண்டியை நிறுத்தி,
"ரெண்டு லோடு தட்டட்டா, எக்கா?
பாதி வெல போதும்" என்றான்.
"எங்க உள்ள மண்ணு?"
"பொன்மனையில ஒரு விதவைக்க விள."
அவளிடமும் தீர்வை ரசீது இருக்கும்.

வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை.
வாழை வைத்தால் ஒரு வருஷத்தில் குலை,
பேங்க் பையனும் வருவான்.
எல்லாம் மனதில் ஓடியது.
பால் உறைந்திருக்கும் என்று எழுந்தேன்.
எழும்போது, தின்று மிச்சமான சாளை முள்ளை
விரிசலுக்குள் போட்டு,
நாய் தோண்டாமல் இருக்க
ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தேன்.