போகும் தேதி

ராத்திரி பத்தேகால். ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில்
எங்கள் லாட்ஜின் பெயர் மூன்று மொழியில் எரிகிறது.
வங்காளத்தில் மட்டும் ஓர் எழுத்து அவிந்துபோய்
பத்து நாளாகிறது.
மேசைக்கு மேலே டிவி.
நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து
நாட்டின் கதவைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.
மூடு என்கிறார் ஒருவர்.
ஏற்கெனவே உள்ளே வந்தவனை என்ன செய்வது என்கிறார் இன்னொருவர்.
கண்ணாடிக்காரர் "குடியேற்றத்துக்கு முழுமையான ஒரே சட்டம்" என்று
ஏழாவது தடவை ஆரம்பிக்கும்போது
ஆரணிப் பட்டு விளம்பரம் வந்துவிடுகிறது.

ஜெசோரிலிருந்து வந்திருக்கிறார் மொனிருஸ்ஸமான்.
கூட மனைவி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு பக்கெட்,
மடங்கக் கூடாத எக்ஸ்ரே உறை,
தோளில் தூங்கும் மகள், இதயத்தில் ஓட்டையோடு.
டிவியைக் காட்டி "சவுண்ட் கம்" என்றார்.
குறைத்தேன்.
நாலு பேரும் தொட்டி மீன் மாதிரி வாயசைத்தார்கள்.

பாஸ்போர்ட் எண், விசா எண், வந்த தேதி,
சி படிவத்தில் எல்லாம் ஏற்றியாயிற்று.
இந்தியாவை விட்டுப் போகும் தேதி?
அவர் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.
காலியாக விட்டால் கணினி ஒப்பாது,
கட்டத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு நிற்கும்.

எனக்கு இந்தச் சிவப்பு பழக்கம்.
நான் நிரோசினி, மேல்மொணவூர் முகாம்.
அங்கே கதைப்பேன், இங்கே பேசுவேன்.
அம்மா படகேறியது நாலு மாத வயிற்றோடு.
நான் பிறந்தது வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில்,
எண்பத்தேழு, ஜூலை ஒன்பது.
சட்டத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள்:
அந்த ஜூலை ஒன்றுக்கு முன்னால் இங்கே விழுந்த பிள்ளை
யார் பெற்றதானாலும் இந்த நாட்டுப் பிள்ளை.
அதற்கப்புறம் விழுந்தால்
உன் அப்பா யார், அம்மா யார் என்று கேட்கும்.
நர்ஸ் குறித்துக் கொடுத்தது ஜூன் இருபத்தெட்டு.
எனக்குத்தான் அவசரமில்லை,
பதினோரு நாள் உள்ளேயே புரண்டு கிடந்தேன்.
கோபம் வந்தால் அம்மா இப்பவும்
"அண்டைக்கே நீ சோம்பேறி" என்பாள்.

பக்கத்து வீட்டுத் தயாபரன் ஜூன் பத்து.
வழக்குப் போட்டு, அலைந்து, பாஸ்போர்ட் வாங்கிவிட்டான்.
எந்த ஊருக்கும் போகவில்லை.
பீரோவில் வைத்திருக்கிறான்,
பார்க்கக் கேட்டால் கை கழுவிவிட்டு வரச் சொல்வான்.

பாலாற்றங்கரையில்
கண்டியின் கடைசி ராஜாவுக்கு ஒரு கல்லறை உண்டு.
பதினாறு வருஷம் கோட்டையில் வைத்திருந்தார்களாம்.
கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தான் அவரும்.
போகவே இல்லை.
இப்போது மண்டபம் கட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள்.

நாளைக்கு எங்களுக்குத் தணிக்கை.
காலையில் முகாமில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.
லீவு கேட்டதற்கு முதலாளி,
"மாசாமாசம் எண்ணிப் பாக்கறாங்களே,
நீங்க எங்கம்மா ஓடிடுவீங்க?" என்றார்.
கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.
எனக்கும் தெரியவில்லை.

"ஆப்கா கர்?" என்கிறார் மொனிருஸ்ஸமான்,
பேச்சை நிரப்ப.
பஸ்ஸில் இருபது நிமிஷம் என்றேன்.
தூரம் கேட்டால் எனக்குச் சுலபம்.

விசா முடிகிற தேதியைத் தட்டினேன்.
சிவப்பு போயிற்று.
குழந்தை கண் விழித்துத் "தண்ணி" என்றது.
தமிழில்.
இரண்டு நாள் ரயிலில்
எந்த ஸ்டேஷனில் பொறுக்கியதோ.

மேலே விவாதம் முடிந்து
நாலு பேரும் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றுகிறார்கள்.
இருநூற்று நாலின் சாவியை எடுத்தேன்.
லிப்ட் ரிப்பேர்.
பக்கெட்டை நான் தூக்கிக்கொண்டேன்.