கோரையும் கோலையும்

கொரடாச்சேரி தாண்டி, வெண்ணாற்று வாய்க்கால் கரையில்
குத்துக்காலிட்டுப் பிடுங்கினேன்.
இழுத்தால் தாள் மட்டும் கையோடு வருகிறது,
கிழங்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.
வரப்பில் நின்றவர் சிரித்தார்:
"கோரையா வேணும்? லாரி கொண்டாங்க."

லாரி வேண்டாம்.
கிழங்குக்குள் மணம் சமைக்கும் ஒரு நொதி,
அதன் மரபணு போதும்.
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் எழுத்து.
அதை ஈ. கோலைக்குள் எழுத வேண்டும்.
கோரையிலிருந்து கோலைக்கு
ஓரெழுத்துத்தான் தூரம் என்று
முதல் கூட்டத்தில் நான் சொன்னதற்கு
ஜுலைகா மட்டும் சிரித்தாள்.

அப்படியே படியெடுத்து வைத்தால் பாக்டீரியா திக்கும்.
மூன்று மூன்று எழுத்தாக அது வாசிக்கும்.
ஆர்ஜினைன் என்று சொல்ல ஆறு வழி உண்டு;
கோரை தயங்காமல் எழுதும் ஏ-ஜி-ஏ
இதன் வாயில் நுழைவதில்லை.
அந்த இடத்திலேயே நின்றுவிடும்,
பாதி நொதியைக் கையில் வைத்துக்கொண்டு.

எனவே மாற்றினோம்.
பள்ளியில் படித்த போலிதான்.
பந்தல் பந்தர் ஆனால் நிழல் குறையாது,
அறம் அறன் ஆனால் அறம் குறையாது.
பெரும்பாலும் கடைப்போலி, மூன்றாம் எழுத்தில்.
சில இடங்களில் முதற்போலி.
முந்நூற்றுப் பன்னிரண்டு திருத்தம்,
புரதத்தில் ஒரு மணிகூட மாறவில்லை.

ஹைதராபாத்திலிருந்து கூரியரில் வந்தது,
குழாயடியில் காய்ந்த, கண்ணுக்குத் தெரியாத கறை.

முப்பத்தேழு டிகிரியில் வளர்த்தோம்.
வெறிபிடித்ததுபோல் செய்து தள்ளியது.
செய்ததெல்லாம் மடிப்புத் தவறி,
கரையாமல், குழைந்த சோற்றுக் கட்டி.
எழுத்தில் பிழையில்லை. அவசரம்.

பதினெட்டு டிகிரி, இரவு முழுக்க, மெல்ல.
ஐப்பசி அடைமழையில் பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் குடுவைகளை ஆட்டும்,
குளிரூட்டியை இழுக்காது.
காவலுக்கிருந்த வைரக்கண்ணு எதுவும் கேட்காமல் போய்
நாகப்பட்டினத்து மீன் லாரியை
பைபாஸில் கைகாட்டி நிறுத்தி
இரண்டு கூடை ஐஸ் வாங்கி வந்தார்.
அதில் செதில் ஒட்டியிருந்தது.
விடியும்வரை அள்ளிப் போட்டோம்.
பதினேழு. பத்தொன்பது. பதினெட்டு.

காலையில், கரைந்த பகுதியில்,
எதிர்பார்த்த உயரத்தில் ஒரு நீலக் கோடு.
ஜுலைகா ஜெல்லைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள்.

நொதியைப் பிரித்து, மூலப்பொருள் ஊட்டி,
மறுநாள் இரண்டு குப்பிகளை வைரக்கண்ணு முன் வைத்தேன்.
எது எதென்று சொல்லவில்லை.
முதலாவது: "சாக்கடை."
இரண்டாவதை வெகுநேரம் மோந்தார்.
"களை பறிச்சுட்டு வந்த கை," என்றார்,
"சோப்புப் போட்டாலும் போவாது."

நோட்டில் எழுதினேன்: மூக்கு, ஒன்று. சாட்சியாகாது.
தஞ்சாவூரில் இருக்கும் கருவிக்கு
மூன்று வாரம் வரிசை.

வேலை முடிந்ததை உயிரோடு வெளியே விடக் கூடாது.
மிச்சத்தை மூடி, நூற்றிருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம்.
நீராவியைத் திறந்துவிட்டபோது
வராந்தா முழுக்கச் சேற்று வயலின் வீச்சம்.
மாணவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.
ஜுலைகா போய் சன்னலைத் தள்ளினாள்.
கீழே, சைக்கிள் ஸ்டாண்டின் சிமெண்டைப் பிளந்துகொண்டு
கோரை,
தன் எழுத்திலேயே.