மூன்றாவது விதி

படகைவிட்டு இறங்கியதும்
தங்கேஸ்வர் பெகு மூன்று விதிகள் வைத்தார்.
வரிசை கலையக் கூடாது.
நான் நின்றால் நிற்க வேண்டும்.
மூன்றாவதைச் சொல்லவில்லை,
உதட்டின்மேல் விரலை வைத்தார்.

நன்றி, பெகு.
ஜூனுவும் பல்லபியும் போன பிஹுவிலிருந்து பேசுவதில்லை.
தேஜ்பூர் கோர்ட்டுக்கு எதிரே
இரண்டு பேரும் சேர்ந்து போட்ட ஜெராக்ஸ் கடை.
மெஷின் யாருக்கு என்பதில் ஆரம்பித்து
யார் யாரைப் பற்றி யாரிடம் என்ன சொன்னாள் என்பதில்
வந்து நின்றது.
நாமேரி வரும்வரை நடுசீட்டில் உட்கார்ந்து
இந்தப் பக்கத்து மௌனத்தை அந்தப் பக்கத்துக்குக்
கைமாற்றிக்கொண்டே வந்தேன்.

இப்போது யாரும் யாரோடும் பேசவில்லை.
அவர்கள் சண்டை
நிற்க இடமில்லாமல்
எங்களோடு வரிசையில் நடந்தது.

நேற்றிரவு பர்தோய்சிலா போயிருக்கிறாள் இந்த வழியாக,
தாய்வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில்
பாதையெல்லாம் கிளையை முறித்துப் போட்டிருந்தாள்.
நாகேசரப் பூக்கள் சேற்றில் மல்லாந்து கிடந்தன.
பெகுவின் துப்பாக்கி என் அப்பாவைவிட மூத்தது.
அதன் வாரை சைக்கிள் ட்யூபால் கட்டியிருந்தார்.
மிருதுல் புது பைனாகுலரின் விலைச்சீட்டைக்கூடப் பிரிக்காமல்
எல்லா மரத்தையும் பார்த்தான்.
இருவாச்சி ஒன்று தலைக்குமேல் போனது,
பழைய பஸ் மேடேறுவதுபோல இறக்கை இரைய.
அதை மட்டும் பார்க்கவில்லை.

தேவ்ஹாஹ் வரும் குளத்துக்குப் போகிறோம்.
பேய் வாத்து.
இருட்டில் அழும், பகலில் இருக்காது என்பார்கள்.
வழியில் யானைச் சாணம்.
பெகு புறங்கையை அதன்மேல் பிடித்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
திரும்பி எங்கள் முகங்களை எண்ணினார்.

அப்போதுதான் கண்டேன்
பல்லபியின் கழுத்தில், கொண்டைக்குக் கீழே
விரல் நீள அட்டை.
எனக்கு முன்னால் ஜூனு, அவளுக்கு முன்னால் பல்லபி.
ஜூனுவும் கண்டுவிட்டாள்.
அவள் கை நீண்டது. மடங்கியது.
பத்தடி தூரம் நடந்தோம்.
மறுபடி நீண்டது.
மெஷினில் சிக்கிய தாளை உருவுகிற அதே நுனிவிரல்,
கிழியாமல், பதற்றமில்லாமல்.

பல்லபி திரும்பினாள்.
வாய் திறந்தது.
ஜூனு அந்த வாயைப் பொத்தினாள்.
அந்த நொடியில் பெகு நின்றார்.

நாங்கள் யானையைப் பார்க்கவில்லை.
நாணல் ஆடியது, காற்றில்லாத பக்கத்தில்.
ஏதோ ஒரு பெரிய வயிறு
தனக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.
குட்டி ஒன்று இருந்திருக்க வேண்டும்,
தாழ்வாக ஒரு கிளை ஒடிந்தது.
பிறகு நாணல் நிமிர்ந்தது.
பெகு மூச்சு விட்டார்.
மிருதுல் மூச்சு விட்டான்.
ஜூனுவின் கை மட்டும்
பல்லபியின் வாயில் அப்படியே இருந்தது.
பல்லபியும் தட்டிவிடவில்லை.

குளத்தில் வாத்து இல்லை.
நடுவில் ஒரு வளையம் மட்டும்
அகலமாகி அகலமாகிக் கரையில் முடிந்தது.
'இப்போதுதான் போயிருக்கிறது' என்றார் பெகு,
தன் விதியைத் தானே மீறி.

ஜியா பொரலி கடந்து காவல்சாவடியில்
பதிவேட்டைத் திறந்தார்.
'என்னென்ன பார்த்தீர்கள்?'
மிருதுல் இருவாச்சி என்றான், கூசாமல்.
'அட்டை, ஒன்று' என்றாள் ஜூனு.
'ரெண்டு' என்றாள் பல்லபி,
பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி.
பெகு பேனாவை மூடினார்.
அட்டைக்கெல்லாம் இதில் கட்டமில்லை.

மெஷின் இன்னும் பூட்டிய கடைக்குள்தான் இருக்கிறது,
இரண்டு பூட்டு, இரண்டு சாவி.
திரும்பும்போது
எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள்.
பல்லபியின் காலரில் ரத்தம் நிற்கவே இல்லை.
ஜூனு தன் கைக்குட்டையை மடித்து மடித்து
சுத்தமான பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

பாலிபாரா தாண்டியதும்
என் காலுறைக்குள் ஏதோ நனைந்தது.
நான் சொல்லவில்லை.
குடிக்கட்டும்.