ஐந்தாவது நகர்வு

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஹெர்கைரோடு.
எனக்கு வெள்ளை.
எங்களுக்குள் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் டிரா.
கிளாக்ஸ்விக் மீன் தொழிற்சாலையில்
பனிக்கட்டி இயந்திரம் பார்க்கிறவர்.
தோற்க மாட்டார்.
ஜெயிக்க வேண்டுமென்றும் அவருக்குத் தோன்றாது.

ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால்
அவரும் தள்ளுவார்.
குதிரையை எடுத்தால் அவரும் குதிரை.
பெட்ரோவ் தற்காப்பு என்கிறார்கள்.
எனக்கென்னவோ
நிலைக்கண்ணாடி முன் நின்று
சண்டைக்கு வாடா என்று கத்துகிற மாதிரி.

கடலடிச் சுரங்கத்தில் பேருந்து ஓட்டுகையில்
மனசுக்குள் பலகை விரிகிறது.
ஆறு பயணிகள், ஒரு சைக்கிள்,
தலைக்கு மேல் அட்லாண்டிக்.

ராணியை ராஜாவுக்கு முன்னால் நிறுத்தலாமா?
ராணிகள் வெட்டுப்பட்டு,
காப்பி ஆறுமுன் கைகுலுக்கல்.
போன பிப்ரவரியில் அதுதான் நடந்தது.

நடுச் சிப்பாயை நீட்டலாமா?
பதினாறு நகர்வு அவருக்கு மனப்பாடம்.
எனக்குப் பதினான்கு.

நாலாவதிலேயே குதிரையைப் பலி கொடுத்து
அவர் ராஜாவை வாசலுக்கு இழுக்கிற ஒரு வழியும் உண்டு.
அணித்தலைவி ரன்வா சிரிக்கிறாள்:
"அந்த ராஜா காற்று வாங்கிவிட்டு
வீட்டுக்குத் திரும்பிவிடும், பைன்டா.
உன் குதிரை திரும்பாது."
அவளுக்கு முழுப் புள்ளி வேண்டும்.
அரை என்றால் இரண்டாம் பிரிவு.
கல்லில் நார் உரி என்கிறாள், அதுவும் ஞாயிறு நாலு மணிக்குள்.

மிச்சமிருப்பது அந்த அவலட்சணம்.
ஐந்தாவதில் இன்னொரு குதிரையை நீட்டுவது.
அவர் வெட்டுவார். நான் சிப்பாயால் வெட்டுவேன்.
என் சிப்பாய் இரண்டு
ஒன்றன் முதுகில் ஒன்றாக மாட்டிக்கொள்ளும்,
குறுகிய படிக்கட்டில் சோபா தூக்குகிறவர்களைப் போல.
பிறகு என் ராஜா இடப்பக்கம் போகும்,
அவருடையது வலப்பக்கம்.
கண்ணாடியில் முதல்முறை வேறு முகம்.

ஞாயிறு.
பள்ளி உடற்பயிற்சிக் கூடம். ஜன்னலில் சாய்வாக மழை.
ஐந்தாவது நகர்வை வைத்துவிட்டு எழுதினேன்,
கை லேசாக நடுங்கி, எழுத்து கோணியது.
உடனே வெட்டினார். நானும் வெட்டினேன்.
அதற்கப்புறம்
இருபத்தாறு நிமிடம் யோசித்தார்.
கம்பளிச் சட்டையைக் கழற்றினார்.
ஹெர்கைருக்கு வியர்த்து நான் பார்த்ததில்லை.

பதினோராவதில், எப்போதும்போல மெல்ல:
"டிரா?"
பதில் சொல்லவில்லை.
வலது ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினேன்.

மீதியை ரன்வா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்,
ஒவ்வொரு தடவையும் ஒரு யானை கூடுதலாக.

முடிந்தபின் மனிதர் எழுந்திருக்கவில்லை.
காய்களைத் திரும்ப அடுக்கினார்.
பலகையைச் சுற்றித் திருப்பினார்,
வெள்ளை தன் பக்கம் வரும்படி.
இத்தனை வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி,
டிராவைத் தவிர:
"நேரமிருக்கிறதா?"

கடைசிப் பேருந்து நாற்பது நிமிடத்தில்.
ஓட்டுவது நான்தானே, என்றேன்.