கொக்கி நேராகும் வரை

உலான்பாத்தரில் ஏப்ரல் என்றால் புழுதி.
துலம்சுரேன் ஏணியில் ஏறுகிறாள்,
இருநூற்றுப் பதினெட்டுப் படிகள்.
முதுகுப் பையில் பால் தேநீர் பிளாஸ்க்,
இடுப்பில் வாக்கி டாக்கி,
சட்டைப்பையில்
ஏறத் தொடங்கியதிலிருந்து நாலு முறை துடித்துவிட்ட போன்.

கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்ததும் முதல் வேலை
சன்னலைத் திறந்து
மூடியில் ஊற்றிய தேநீரின் முதல் மிடறை
வானத்துக்கு எறிவது.
வானம் குடிக்கிறதோ என்னவோ.
பாதி காற்றோடு போகும்,
மீதி அறுபது மீட்டர் கீழே
பூரேவின் தலைக்கவசத்தில்.
"மழையா அக்கா?" என்பான்.
"ஆசீர்வாதம். துடைக்காதே."

அவ்வளவுதான் அவள் பூசை.
மந்திரம் பாதிக்கு மேல் நினைவில்லை,
மடத்துப் பக்கம் போய் மூன்று வருடம்.
கடன் செயலி பல்லைக் காட்டுகிறது.
தங்கை பூனைப் படம் அனுப்பியிருக்கிறாள்.
யாரோ யாரையோ திட்டும் காணொளியை
நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம்,
அவளும் பார்த்தாள், நேற்றிரவு,
இரண்டு மணி வரை,
எதற்கென்றே தெரியாமல்.

ஆனால் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் ஒரு விதி:
கொக்கி சுமைக்கு நேர் மேலே நிற்க வேண்டும்.
ஒரு சாண் தள்ளியிருந்தாலும்
தரையை விட்டதும் சுமை ஊசலாடும்.
எதிர்த்து இழுத்தால் இன்னும் ஆடும்.
அது போகிற பக்கமே கூடப் போய்
திரும்பத் தொடங்குமுன்
அதன் தலைக்கு மேல் நின்றுவிட வேண்டும், சத்தமில்லாமல்.

இதை மனசிலும் செய்து பார்த்திருக்கிறாள்.
சில நாள் வாய்க்கும்.
சில நாள் மனசுக்கு பிரேக்கே கிடையாது.

மூன்று மணிக்கு மலைப்பக்கம் மஞ்சளாயிற்று.
சரிவில் கூடாரங்களின் புகைபோக்கிகள்
ஒன்றொன்றாய் அழிந்தன.
காற்றுமானி: பதினைந்து.
எல்லை: பதினான்கு.

"இன்னும் இரண்டே தூக்கு," சொக்தோச்சிரின் குரல்.
"பதிவேட்டில் பன்னிரண்டு என்று போடு.
போனஸ் கணக்கு இன்றோடு முடிகிறது."

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிற அவசரம்
எந்த ஊருக்கும் பொது.
அவர் கெட்டவரில்லை.
அவர் காதில் யாரோ கத்திக்கொண்டிருப்பார்கள்,
அந்த யாரோவின் காதில் இன்னொருவர்.

போன் துடித்தது.
ஐந்தாம் தவணை, நாளைக்கு.
கீழே கம்பிக்கட்டுப் பக்கத்தில் குனிந்து
சங்கிலியைச் சரிபார்க்கிறது ஒரு தலைக்கவசம்,
பால் காய்ந்த கறையோடு.
சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறான், துடைக்கவில்லை.

வீரமாக ஒன்றும் பேசவில்லை அவள்.
ஒரு மூச்சு விட்டாள்.
உள்ளே ஆடிக்கொண்டிருந்த எதற்கோ
நேர் மேலே போய் நின்றாள்.
பிறகு பதினைந்து என்று எழுதினாள்,
ஐந்தின் வால் கொஞ்சம் நடுங்கியது.
கொக்கியை வெறுமையாய் உயர்த்தி
சுழல் பிரேக்கை விடுவித்தாள்.
இனி காற்று எப்பக்கமோ அப்பக்கம்
இரும்புக் கை தானாகத் திரும்பிக்கொள்ளட்டும்.

பக்கத்து மனையின் கிரேன்
அந்தப் புழுதிக்குள்ளேயே ஆறு முறை தூக்கி இறக்கியது.
ஒன்றும் ஆகவில்லை.
நாலரைக்குக் காற்றும் அடங்கிவிட்டது,
எதுவும் அறியாத பிள்ளைபோல.

போனஸ் போயிற்று.
"சும்மாவே இறங்கிவிட்டாயே அக்கா,
எனக்கும்தான் போச்சு," என்றான் பூரேவ்.
கோபம்தான். நியாயமும்கூட.
நான் செய்தது சரி என்று காட்ட
அவளிடம் ஒரு துண்டுக் கம்பிகூட வளைந்திருக்கவில்லை.
பிளாஸ்கில் மிச்சமிருந்ததை அவனுக்கு ஊற்றினாள்.
வாங்கிக் குடித்தான், முகம் பார்க்காமல்.

பஸ்ஸில் தங்கையின் பூனையைப் பார்த்துச் சிரித்தாள்.
தவணைக்கு யாரிடம் கேட்பது என்று யோசித்தாள்.
படுத்த பிறகு
திட்டுகிறவர்கள் வந்தார்கள், நடனமாடுகிறவர்கள் வந்தார்கள்,
சூப் வைக்கத் தெரிந்த ஒருவன் வந்தான்.

போனைக் கவிழ்த்து வைக்குமுன் மணி பார்த்தாள்.
ஒன்றரை.
நேற்றைக்கு இது பரவாயில்லை.