சான்று

கடலூரில் முதல் பேருந்தைப் பிடித்துக்
கிள்ளையில் இறங்கியபோது
டீக்கடைக்காரர் கேட்டார், "போட்டிங்கா?"
இல்லை, நீர்நாய் பார்க்க என்றேன்.
பாலாடையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே
"அதுக்கு டிக்கெட் எவ்வளவு?" என்றார்.

வால்பாறையில் ஒரு சிறுத்தைக்காகப் பதினொரு இரவு.
கட்ச் உப்புவெளியில்
காட்டுக் கழுதைகளின் பின்னால் ஒரு கோடை முழுக்க.
எங்கும் கொஞ்சம் தாமதமாகவே
போய்ச் சேர்கிறவள் நான்.
இங்கும் மூன்று நாள், ஒன்றுமில்லை.
கட்டிவைத்த கேமராக்களில் ஒன்றை வெள்ளம் கொண்டுபோயிற்று.
மற்றதில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்,
எல்லாம் காற்றில் ஆடும்
ஒரே சுரபுன்னைக் கிளை.

நான்காம் நாள் வற்றம்.
இறால் பண்ணைக்காரர்கள் கரையை
இன்னும் நாலடி ஓடைக்குள் தள்ளியிருந்தார்கள்.
குழாய் கக்கிய நுரை
தில்லை வேர்களைச் சுற்றி நின்றது.
அதற்கும் அப்பால்,
தண்ணீருக்குமேல் தலை மட்டும் தெரிய,
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி
செஞ்சியம்மா சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.
வாய் திறந்தால் பறி போய்விடும்.
கரையேறும்வரை காத்திருந்தேன்.

"பாக்கலைங்க.
பொங்கலுக்கு முந்துன அமாவாசைக்கு
வேர்ச் சந்துக்குள்ள கைய வுட்டேன்.
உள்ளாற இன்னொரு கை இருந்துச்சு.
பாம்பு இல்ல, நண்டு இல்ல.
வெரலு.
எங்கைமேல வச்சுப் பாத்துட்டு
எடுத்துக்கிச்சு."

பயந்தீங்களா?

"அதுவும் எறாலுதான தேடுது."
விரல் வெடிப்பில் எச்சில் தொட்டு வைத்துக்கொண்டார்.
"பெருசு ஒண்ணு இருந்துச்சு அந்தச் சந்துல.
எனக்குக் கெடைக்கல."

படிவத்தில் சான்று என்ற கட்டத்துக்கு
நான்கே வாய்ப்புகள்:
கண்டது, கேட்டது, தடம், எச்சம்.
தொட்டது என்று ஒன்று இல்லை.
எதிலும் டிக் போடாவிட்டால்
இது வெற்று ஓடை.
வெற்று ஓடையில் கரை கட்ட
யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எச்சம் என்பதில் போட்டேன்.
மிச்சம் இருப்பது என்றும்
அதற்கொரு பொருள் உண்டு என்று
யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.
யாரும் கேட்கப்போவதில்லை.

கடைசிப் பேருந்துக்கு நேரமிருந்தது.
கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு
செஞ்சியம்மா காட்டிய சந்தில்
தோள்வரை கையை விட்டேன்.
சிப்பி ஒன்று கட்டைவிரலைக் கிழித்தது.
உள்ளே சேறு வெதுவெதுப்பாக இருந்தது.
கொஞ்ச நேரம்
கையை எடுக்கவில்லை.